ஓரத்து வோட்டு

புதுச்சேரிக்கு வடக்கே சில மைல் தூரத்தில், கடற்கரையை விட்டுச் சற்று உள்வாங்கி, செம்மண் மேட்டில் இருக்கிறது இடையஞ்சாவடி. ஆடு மாடு ஓட்டிச் சென்றவர்கள் தங்கி இளைப்பாறிய சாவடி ஒன்று அங்கே ஒரு காலத்தில் இருந்திருக்க வேண்டும். பெயர் அப்படித்தான் சொல்கிறது. 1968-ல் பக்கத்திலேயே ஆரோவில் நகரம் தோன்றிய பிறகு, பல தேசத்து முகங்களைப் பார்த்துப் பழகிவிட்ட ஊர். அங்கிருந்து கடலோரச் சாலையைப் பிடித்து வடக்கே போனால் இடது கைப்பக்கம் கழுவெளி பரந்து கிடக்கும். அதையும் தாண்டினால் மரக்காணம். வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் உப்பளங்கள்.

ஊரைச் சொல்லி ஆரம்பித்தேனே தவிர, நான் சொல்ல வந்தது தேர்தல் கதை. தேர்தல் என்றதும் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். எந்தக் கட்சி உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று தீர்ப்புச் சொல்லும் உத்தேசம் எனக்கு இல்லை. இந்தக் கரையை உள்ளடக்கிய பார்லிமெண்டுத் தொகுதியில் 1952 முதல் யார் யார் ஜெயித்தார்கள் என்ற பட்டியலைச் சில நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நாவல் எழுதுகிறவன் கையில் இம்மாதிரிப் பட்டியல் அகப்பட்டால் அதை அவன் ஒரு பெரிய குடும்பத்தின் கதையைப் போலத்தான் படிப்பான். யார் வந்தார், யார் போனார், போனவர் எப்போது திரும்பி வந்தார், வீட்டிலேயே இருந்தும் பேச்சில் அடிபடாதவர் யார் என்றுதான் பார்ப்பான்.

அப்படிப் படித்ததில் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. இந்தக் கதையில் உப்பு என்ற பாத்திரம் ஒரு அத்தியாயத்திலும் முன்னால் வந்து பேசவில்லை.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அதிசயம் இருக்கிறது. நம் அரசியல் சாசனத்தில் எந்த விஷயம் டில்லிக்கு, எந்த விஷயம் ராஜ்யத்துக்கு என்று பாகப்பிரிவினை செய்து வைத்திருக்கிறார்கள். நிலமும் நீர்ப்பாசனமும் ராஜ்யத்தைச் சேர்ந்தவை. ஆனால் உப்பு உற்பத்தியும் விநியோகமும் அவற்றின் கட்டுப்பாடும் மத்தியப் பட்டியலில் 58-வது இனம். நெல் விளைவிக்கிறவன் தன் குறையைச் சென்னைக்குச் சொல்லலாம். உப்பு விளைவிக்கிறவன் டில்லிக்குத்தான் சொல்ல வேண்டும். மரக்காணத்தில் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் அளங்களில் மத்திய உப்பு இலாகாவின் குத்தகை நிலமும் உண்டு. அந்த இலாகாவின் தலைவரான உப்புக் கமிஷனருக்கு வெகுகாலமாகத் தலைமைக் காரியாலயம் ஜெய்ப்பூரில்! கடலையே காணாத ஊரில்! ஆகையால், தமிழ்நாட்டில் பார்லிமெண்டு அங்கத்தினர் ஒருவர் உண்மையிலேயே தேவைப்படும் ஜனங்கள் யார் என்று கேட்டால், இந்த உப்பளத்துக்காரர்களைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

அவர்களுக்கு அந்த அங்கத்தினர் எப்படி வந்தார், எப்படி எப்படி மாறினார் என்பதுதான் கதை.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்தப் பிராந்தியத்தில் இரண்டு கொடிகள் பறந்தன. புதுச்சேரியிலிருந்து மரக்காணத்துக்குப் போகிறவர்கள் இன்றும் இதைக் கண்ணால் பார்க்கலாம். புதுச்சேரி எல்லை முடிந்து கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு வரும். கொஞ்ச தூரம் போனதும் காலாப்பட்டில் மறுபடியும் புதுச்சேரி வரும். அப்புறம் திரும்பவும் தமிழ்நாடு. துண்டு துண்டாகக் கிடந்த பிரெஞ்சு நிலத்தின் அடையாளம் அது. பிரெஞ்சுப் பகுதியில் இருந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பாரிஸ் பார்லிமெண்டுக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். அப்படிப் போனவர்களில் பலர் பிரான்சிலேயே இருந்த துரைமார்கள். தங்களுக்கு வோட்டுப் போட்ட ஊரின் மண்ணை மிதிக்காமலே அதன் பிரதிநிதியாக இருந்தவர்களும் உண்டு. இந்தப் பக்கம், பிரிட்டிஷ் இந்தியாவில், 1935-ம் வருஷத்துச் சட்டம் வந்த பிறகும் நூற்றுக்குப் பதினான்கு பேருக்குத்தான் மாகாணச் சட்டசபைக்கு வோட்டு. சொத்தும் படிப்பும் இருந்தால்தான் அந்தப் பதினான்கில் இடம். உப்புப் பாத்தி மிதிக்கிறவனுக்கு ஏது சொத்து, ஏது படிப்பு?

1951 ஜூனில் காலாப்பட்டுக்காரர்கள் பாரிஸுக்கு வோட்டுப் போட்டார்கள். எதுவார் கூபேர் பிரெஞ்சு தேசிய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏழே மாதம் கழித்து, 1952 ஜனவரியில், வரப்புக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் டில்லிக்கு வோட்டுப் போட்டார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்திகள், ஒரே திருவிழாவுக்குத் தேர் வடம் பிடித்தவர்கள், ஒரு வீட்டார் பாரிஸுக்கும் மறு வீட்டார் டில்லிக்குமாகப் பிரிந்து நின்றார்கள். 1954 நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்திய சர்க்காரிடம் வந்தது. ஆனால் அங்கே லோக்சபைக்கு முதல் தேர்தல் நடந்தது 1967-ல்தான். இடையஞ்சாவடிப் பக்கத்தார் அதற்குள் மூன்று தேர்தல்களில் வோட்டுப் போட்டு விரலில் மை வாங்கிவிட்டார்கள்!

அந்த 1952 தேர்தலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தேசம் முழுவதும் 17 கோடிக்கு மேல் வோட்டர்கள். லோக்சபையில் 489 ஸ்தானங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களே பெரும்பாலோர் என்பதால், அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின்மேல் அவருடைய சின்னம். ஒரு ரூபாய் நோட்டு அளவில் ஒரு சீட்டைக் கொடுப்பார்கள். வேண்டியவர் பெட்டியில் அதைப் போட்டுவிட்டு வந்தால் தீர்ந்தது. திண்டிவனம் தொகுதியிலோ இரண்டு அங்கத்தினர்கள்: ஒன்று பொது ஸ்தானம், மற்றொன்று தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு ஒதுக்கியது. ஆகவே ஒவ்வொரு வோட்டருக்கும் இரண்டு சீட்டு. இரண்டையும் ஒருவருக்கே போடக் கூடாது. அதுவரையில் ஊர்ச்சாவடியில் ஏற முடியாத மனிதனும், அவனை ஏறவிடாத மனிதனும், ஒரே வரிசையில் நின்று, ஒரே மாதிரி இரண்டிரண்டு சீட்டுகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். நம்முடைய தேசத்தில் நடந்த பெரிய காரியங்களை எண்ணும்போது இதையும் சேர்த்து எண்ணுவது நல்லது.

ஜெயித்தவர்கள் காங்கிரஸ்காரர்கள் அல்ல. வி. முனுசாமி, ஏ. ஜெயராமன் இருவருமே தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியைச் சேர்ந்தவர்கள். அந்தக் கட்சியை நடத்தியவர் எஸ்.எஸ். ராமசாமிப் படையாச்சி. தென்னாற்காட்டில் வன்னியக் குடியானவர்கள் ஏராளம். ஜனத்தொகையில் இருக்கும் பலம் உத்தியோகத்திலும் பதவியிலும் தங்களுக்கு இல்லை என்ற மனக்குறை அவர்களுக்கு நெடுநாளாக உண்டு. அந்தக் குறைதான் கட்சியாக உருவெடுத்தது. வட ஆற்காட்டிலும் செங்கற்பட்டிலும் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி அதே குறையைப் பேசியது. உழைப்பாளர் கட்சிக்குச் சட்டசபையில் 19 ஸ்தானம், லோக்சபையில் 4. காமன்வீலுக்கு முறையே 6, 3. சென்னைச் சட்டசபையின் 375 ஸ்தானங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152தான். ஆறும் பத்தொன்பதும் அப்போது சாதாரண எண்களா? ராஜாஜி மந்திரிசபை அமைத்தபோது மாணிக்கவேலு நாயக்கர் மந்திரியானார். 1954-ல் காமராஜ் வந்தபோது படையாச்சியும் மந்திரியானார். கட்சிகள் காங்கிரஸில் கரைந்தன. திண்டிவனத்து வோட்டர் எதிர்த்துப் போட்ட சீட்டு, இரண்டே வருஷத்தில், எதிர்த்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

அந்த முதல் லோக்சபை இருந்தபோதுதான், 1953-ல், உப்புத் தீர்வைச் சட்டம் நிறைவேறிற்று. 1930-ல் காந்தியடிகள் தண்டிக்கும் ராஜாஜி வேதாரணியத்துக்கும் நடந்து சென்று எதிர்த்த பழைய உப்பு வரி 1947 ஏப்ரலில் ரத்தாகிவிட்டது. புதிய தீர்வை அதைப்போல அன்று. மணங்குக்கு இரண்டணா வீதம் வசூலித்து, உப்பு இலாகாவின் செலவுக்கும், தொழில் ஆராய்ச்சிக்கும், அளங்களில் உழைப்பவர்களின் நலனுக்கும் பயன்படுத்துவதாக ஏற்பாடு. அந்தத் தீர்வை இப்போது இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: உப்புத் தொழிலாளியின் நலன் பார்லிமெண்டின் பொறுப்பு என்று பார்லிமெண்டே சட்டத்தில் எழுதி ஒப்புக்கொண்டது அப்போது.

பிறகு வந்தவர்களை வரிசையாகச் சொல்கிறேன். 1957-ல் என்.பி. சண்முக கவுண்டர், சுயேச்சை. 1962-ல் ஆர். வெங்கடசுப்பா ரெட்டியார்; காங்கிரஸ். 1967-ல் டி.டி.ஆர். நாயுடு, தி.மு.க. அந்த வருஷத்துக் கதை எல்லோருக்கும் தெரியும். அரிசிப் பஞ்சமும் மொழிக் கிளர்ச்சியும் சேர்ந்து அடித்த காற்றில் தி.மு.க. போட்டியிட்ட 25 லோக்சபை ஸ்தானங்களிலும் வென்றது. 39-ல் காங்கிரஸுக்குத் தேறியவை மூன்று. திண்டிவனமும் அந்தக் காற்றில் சாய்ந்தது.

இதற்கு அப்புறந்தான் வேடிக்கை. 1967-க்குப் பிறகு சென்னைக் கோட்டையில் காங்கிரஸ் ஏறவே இல்லை. ஆனால் திண்டிவனத்தில் 1971, 1977, 1980, 1984, 1989, 1991 என்று தொடர்ந்து ஆறு தேர்தல்களில் காங்கிரஸே ஜெயித்தது! முதல் இரண்டு தடவை எம்.ஆர். லட்சுமி நாராயணன், அடுத்த இரண்டு தடவை வேறு யாரும் இல்லை, அதே ராமசாமிப் படையாச்சி, பிறகு ஆர். ராமதாஸ், பிறகு கே. ராமமூர்த்தி. இந்த ராமதாஸ் காங்கிரஸ்காரர். பாட்டாளி மக்கள் கட்சியை ஆரம்பித்த டாக்டர் ராமதாஸ் அல்லர். ராமமூர்த்தி விஷயத்திலும் குழப்பத்துக்கு இடம் உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்தும் ஒரு கே. ராமமூர்த்தி அதே சபைக்குப் போயிருந்தார், வாழப்பாடியார். ஆகவே நம்மவரை ஊர்ப் பெயர் சேர்த்துத் 'திண்டிவனம்' ராமமூர்த்தி என்று சொல்வது வழக்கமாயிற்று.

கோட்டையில் ஏற முடியாத கட்சி இந்தத் தொகுதியில் இருபது வருஷம் எப்படி நிலைத்தது? ஜனங்களின் மனம் மாறாததனால் அன்று. 1971-ல் இந்திரா காந்தியின் காங்கிரஸ் சட்டசபைக்கு ஒரு ஸ்தானமும் கேட்காமல், பார்லிமெண்டுக்கு மட்டும் சிலவற்றைப் பெற்றுக்கொண்டு தி.மு.க.வோடு உடன்பாடு செய்தது. 1977-ல் அ.தி.மு.க.வோடு, 1980-ல் மறுபடி தி.மு.க.வோடு, 1984-லிருந்து அ.தி.மு.க.வோடு. சென்னை உனக்கு, டில்லி எனக்கு என்று பெரியவர்கள் பங்கு பிரித்துக்கொண்டார்கள். திண்டிவனம் டில்லிக்காரர் பங்கில் விழுந்தது. வோட்டர் சூரியனுக்கும் இரட்டை இலைக்கும் போடுகிற மனசோடுதான் காங்கிரஸுக்குப் போட்டார். பார்லிமெண்டு அங்கத்தினரை ஊர் தேர்ந்தெடுத்ததா, ஊருக்கு அவர் ஒதுக்கப்பட்டாரா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

படையாச்சியின் மறுவரவு நாவலாசிரியன் எவனும் விட்டுவிடக்கூடிய சம்பவம் அல்ல. 1952-ல் காங்கிரஸை எதிர்த்துத் தம் ஆட்களை இந்தத் தொகுதியில் ஜெயிக்க வைத்தவர், 28 வருஷம் கழித்து, காங்கிரஸ் அபேட்சகராகத் தாமே வந்து நின்று ஜெயித்தார். அவர் இந்தத் தொகுதியின் அங்கத்தினராக இருந்த காலத்திலேயே, 1987 செப்டம்பரில், வன்னியர் சங்கத்தின் ஒரு வார மறியல் நடந்தது. மரங்கள் சாலையில் விழுந்தன. போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்கள் போயின. தாழ்த்தப்பட்டவர்களின் குடிசைகளும் எரிந்தன. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அவர் சட்டசபையில் எழுப்பிய மனக்குறையை, அடுத்த தலைமுறை தெருவில் நின்று எழுப்பிற்று. 1989-ல் மிகவும் பிற்பட்டோருக்கு 20 சதவீத ஒதுக்கீடு வந்தது. அதே வருஷம் ஜூலையில் பாட்டாளி மக்கள் கட்சி பிறந்தது. படையாச்சி 1992-ல் காலமானார்.

அப்புறம் கூட்டணிகள் வேகமாகச் சுழன்றன. 1996-ல் தி.மு.க.வின் ஜி. வெங்கட்ராமன். 1998-ல் ம.தி.மு.க.வின் செஞ்சி ராமச்சந்திரன், அ.தி.மு.க. கூட்டணியில் நின்று ஜெயித்தார். அடுத்த வருஷமே மீண்டும் தேர்தல் வந்தது, அதே ராமச்சந்திரன், அதே கட்சி, இப்போது தி.மு.க. கூட்டணி! அப்போதும் ஜெயித்தார், வாஜ்பாயி மந்திரிசபையில் ராஜாங்க மந்திரியாகவும் ஆனார். அபேட்சகர் நின்ற இடத்திலேயே நின்றார். அவரைச் சுற்றி மேடையைத்தான் திருப்பி வைத்தார்கள். 2004-ல் பாட்டாளி மக்கள் கட்சியின் கே. தன்ராஜ், தி.மு.க. கூட்டணியில். டாக்டர் ராமதாஸின் சொந்த மண் என்று பெயர் பெற்ற தொகுதி அவர் கட்சிக்கு அப்போதுதான் முதல் தடவையாகக் கிடைத்தது. அதுவே கடைசித் தடவையாகவும் ஆயிற்று. ஏனெனில் அடுத்த தேர்தலுக்குள் தொகுதியே மறைந்துவிட்டது!

ஆம். 2008-ல் அமலுக்கு வந்த தொகுதிச் சீரமைப்பில் திண்டிவனம் என்ற லோக்சபைத் தொகுதி எடுபட்டுப் போயிற்று. அதுவரை அதில் வந்தவாசி, பெரணமல்லூர், மேல்மலையனூர், செஞ்சி, திண்டிவனம், வானூர் என்று ஆறு சட்டசபைத் தொகுதிகள். புதிதாகப் பிறந்த விழுப்புரம் தொகுதியில் திண்டிவனம், வானூர், விக்கிரவாண்டி, விழுப்புரம், திருக்கோவிலூர், உளுந்தூர்ப்பேட்டை. தொகுதி முழுவதும் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கியதாயிற்று. 1952-ல் இருவரில் ஒருவராக இருந்த ஸ்தானம், ஐம்பத்தேழு வருஷத்துக்குப் பின் தனி ஒருவராகத் திரும்பி வந்தது.

2009-ல் அ.தி.மு.க.வின் எம். ஆனந்தன் விடுதலைச் சிறுத்தைகள் அபேட்சகரை 3,000-க்கும் குறைந்த வோட்டு வித்தியாசத்தில் வென்றார். 2014-ல் அதே கட்சியின் எஸ். ராஜேந்திரன், பதவிக்காலம் முடியுமுன், 2019 பிப்ரவரியில், திண்டிவனம் அருகே கார் விபத்தில் இறந்துபோனார். 2019-ல் விடுதலைச் சிறுத்தைகளின் து. ரவிக்குமார், உதயசூரியன் சின்னத்தில், 1,28,000 வோட்டு அதிகம் பெற்று ஜெயித்தார். 2024-ல் அவரே, தம் கட்சியின் பானைச் சின்னத்தில், 70,000 வித்தியாசத்தில். ரவிக்குமார் எழுத்தாளர், பத்திரிகை நடத்தியவர். பேனா பிடித்தவர் ஒருவர் இந்தப் பட்டியலில் இடம்பெற்றதில் எங்கள் ஜாதிக்கு, அதாவது எழுதுகிற ஜாதிக்கு, கொஞ்சம் பெருமைதான்.

ஆக, 18 தேர்தல்கள், 15 மனிதர்கள். அவர்களில் ஒரு பெண்ணும் இல்லை. இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. அளங்களில் உப்பு வாரிக் கூடையில் தூக்கிச் சுமப்பவர்களில் பெண்கள் ஏராளம்.

2024 தேர்தல் முடிந்த பிறகு, மரக்காணத்தில் அறுபது வயது தாண்டிய ஓர் அம்மாளோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன். பாதத்தில் வெடிப்பு, கண்ணில் அந்த வெள்ளை வெயில் ஏற்றிய சிவப்பு.

"வோட்டுப் போட்டீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"போடாம இருப்பனா, ஐயா? விடியக்காலமே அளத்துக்குப் போயி, உப்பை வாரி மேட்டுல ஏத்திட்டு, பத்து மணிக்கு வந்து வரிசையில நின்னேன்."

"வோட்டுக் கேக்க வந்தவங்க உப்பைப் பத்தி ஏதாவது பேசினாங்களா?"

அம்மாள் சிரித்தாள். "அவங்க வண்டி தார் ரோட்டோட போயிடுதுங்க. பாத்தி வரப்புல வண்டி வராதே!"

வோட்டு நாளன்று தினக்கூலிக்காரருக்கும் சம்பளத்துடன் விடுமுறை தரவேண்டும் என்று 1996 முதல் சட்டம் இருக்கிறது. அம்மாளுக்கு அதைச் சொன்னேன். "அப்படியா?" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவள் வளர்க்கவில்லை. லோக்சபைத் தேர்தல்கள் இப்போதெல்லாம் சித்திரை வெயிலில் வருகின்றன. உப்பு விளையும் காலமும் அதுவே. வெயில் போனால் உப்புப் போச்சு என்கிற தொழிலில், விடுமுறைச் சட்டம் வரப்பைத் தாண்டி நடக்கச் சிரமப்படத்தான் செய்யும்.

மழைக்காலம் வந்தால் அளங்களில் வேலை இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் அடுப்பு எரிவது பெரும்பாடு. மீன் பிடிப்பவர்களுக்குத் தடைக்கால நிவாரணம் கிடைப்பதுபோல் தங்களுக்கும் வேண்டும் என்று உப்புத் தொழிலாளர்கள் வெகுநாள் கேட்டார்கள். 2022-ல் அவர்களுக்கு மழைக்காலத்துக்கென்று 5,000 ரூபாய் கொடுக்க ஏற்பாடாயிற்று. கொடுத்தது யார்? உப்பைத் தன் பட்டியலில் எழுதி வைத்திருக்கும் டில்லி அல்ல, சென்னை. எழுபது வருஷம் பதினைந்து பேரை எந்த இடத்துக்கு அனுப்பினார்களோ, அந்த இடத்திலிருந்து இது வரவில்லை.

இதற்கு அந்தப் பதினைந்து பேரைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. வோட்டர்களையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஜாதி பார்த்து வோட்டுப் போடுகிறார்கள், கூட்டணி பார்த்துப் போடுகிறார்கள் என்று பட்டணத்தில் நாம் சுலபமாகப் பேசிவிடுகிறோம். எண்ணிக்கையால் பெரிய வகுப்பு ஒன்று அதிகாரத்தில் பங்கு கேட்டது. மிதிபட்ட வகுப்பு ஒன்று தன் ஆளைச் சபைக்கு அனுப்ப விரும்பிற்று. இரண்டும் நியாயமான ஆசைகள். இரண்டும் இந்தத் தொகுதியில் நிறைவேறியிருக்கின்றன. நிறைவேறாமல் நின்றது தொழிலின் குரல். காரணம் வரைபடத்தில் இருக்கிறது. பழைய தொகுதியில் வந்தவாசி நெல்லும் செஞ்சி மணிலாக்கொட்டையும் பெரும்பகுதி. புதிய தொகுதியில் உளுந்தூர்ப்பேட்டை வரை வயலும் கரும்பும். எந்தக் கோடு போட்டாலும் உப்பளம் கிழக்கு ஓரத்தில் ஒரு கரை மட்டுமே. சேலைக்குக் கரை எவ்வளவோ அவ்வளவு. வேதாரணியம் அளங்கள் வேறு தொகுதி. தூத்துக்குடி அளங்கள் வேறு தொகுதி. உப்பு மனிதர்கள் எல்லோரையும் சேர்த்து எண்ணினால் ஒரு கூட்டம். தொகுதி தொகுதியாகப் பிரித்து எண்ணினால் எங்கேயும் ஓரம்.

ஆனால் ஓரம் என்றால் பலம் இல்லை என்று அர்த்தமா? 2009 கணக்கை மறுபடி பாருங்கள். வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவே 3,000 வோட்டுக்கூட இல்லை. மரக்காணத்திலிருந்து இடையஞ்சாவடிப் பக்கம் வரை இந்தக் கடற்கரை ஊர்களில் அதைப்போல் பல மடங்கு வோட்டு இருக்கிறது. அவர்களில் ஒரு சின்னப் பங்கு, 'உப்பைப் பற்றி டில்லியில் என்ன பேசுவாய்?' என்ற ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு வோட்டுப் போட்டிருந்தால், அபேட்சகர்கள் இருவரும் தார் ரோட்டில் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்திருப்பார்கள். பந்தியில் உப்பை இலையின் ஓரத்தில்தான் வைக்கிறோம். ஓரத்தில் இருப்பதனால் அதை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

இந்தக் கரைக்கு மறதி புதிதும் அல்ல. நினைவும் புதிது அல்ல. திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில்தான் ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவனைத் தேடிப்போகும் பாணனுக்கு வழி சொல்லும் சிறுபாணாற்றுப்படையில் கடற்கரைப் பட்டினமும் வருகிறது. உப்பு வண்டி ஓட்டிய உமணரும் வருகிறார்கள். அந்தப் பட்டினம் மரக்காணந்தான் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. ராஜனைப் பாட வந்த புலவனுக்கு வழியில் உப்பு வண்டி கண்ணில் பட்டது. அவன் அதையும் சேர்த்துப் பாடினான்.

லோக்சபை ஸ்தானங்களின் எண்ணிக்கையை 1971 ஜனக்கணிதத்தோடு நிறுத்தி வைத்த அரசியல் சாசனம், 84-வது திருத்தத்தின்படி, 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் ஜனக்கணிதம் வரை அந்த நிறுத்தத்தை நீட்டித்தது. அப்புறம் தமிழ்நாட்டுக்கு எத்தனை ஸ்தானம் என்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். அந்த எண்ணிக்கைக்குள்ளே கோடுகள் எங்கே விழும் என்பதைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். திண்டிவனம் போய் விழுப்புரம் வந்தது. விழுப்புரம் போய் இன்னொன்று வரலாம். எது வந்தாலும் அந்தப் படத்தில் கிழக்கே ஒரு வெள்ளைக் கரை இருக்கும். அங்கே விடியற்காலையில் பாத்தியில் இறங்கி, பத்து மணிக்கு வரிசையில் வந்து நிற்கும் ஜனங்கள் இருப்பார்கள். அவர்களுக்கு 1952 முதல் வோட்டு இருக்கிறது. அந்த வோட்டுக்குரிய கேள்வியை அவர்கள் கேட்கும் தேர்தல் இனிமேல்தான் வர வேண்டும்.